சந்தேகமும் நான்காம் நம்பர் புரதமும்

அந்தக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இளையவர்களுக்கு அவள் சந்தேகம் அக்கா. மூத்தவர்களுக்கு வெறும் சந்தேகம். பூட்டிய கதவை நாலு படி இறங்கிய பிறகு திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். எடை பார்த்த பொடியை இன்னொரு தரம் தட்டில் வைப்பாள். ஒன்றும் ஒன்றும் இரண்டுதானே என்று அவளிடம் கேட்டால், எந்த ஒன்று என்று திருப்பிக் கேட்பாள் என்பது அங்கே வழக்கமான கேலி. அது அவள் காதுக்கும் வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். அன்று மாலையே, அது கேலிதானா இல்லை நிஜமாகவே தன்னைக் குறை சொல்கிறார்களா என்று கணவனிடம் விசாரித்தாள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலைக்குத்தான் அவள் அங்கே சேர்ந்தாள். பள்ளிப்படிப்போடு சரி. கழுவின குடுவை எங்கே போகிறது, அதில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே அடுத்த அறைக்குப் போனாள். அங்கே ஊற்றியதை என்ன செய்கிறார்கள் என்று கேட்டு அதற்கடுத்த அறைக்குப் போனாள். இப்படித் தொணதொணத்தே புரதம் சுத்தம் செய்யும் பிரிவுக்கு வந்து சேர்ந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தப் புரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒரு செடியின் இலையைப் புழு கடித்தாலும், திடீரென்று குளிர் தாக்கினாலும், சும்மா யாராவது தொட்டால்கூட, அதன் செல்லுக்குள் கால்சியம் திபுதிபுவென்று நுழையும். நுழைந்ததை முதலில் பிடித்துக்கொள்கிற புரதங்கள் சில உண்டு. பிடித்ததும் அவை உருவம் மாறி, உள்ளே இருக்கிற மற்றவற்றுக்குச் சேதி சொல்லும். செடி அதற்குப் பிறகுதான் சுதாரிக்கும். இதை ஆராய்கிறவர்களுக்கு அந்தப் புரதம் தனியாக, சுத்தமாக வேண்டும். செடியை அரைத்து எடுத்தால் நகக்கண் அளவுகூடத் தேறாது. அதனால் செடியின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவையே அந்தப் புரதத்தைச் செய்ய வைத்தார்கள். அவர்கள் விற்ற பன்னிரண்டு வகைகளில் நான்காம் நம்பர்தான் பேர்போனது.

பாக்டீரியாவை உடைத்துச் சூடாக்கினால் மற்ற புரதங்கள் திரிந்து போகும், நான்காம் நம்பர் மட்டும் திரியாது. அதைச் சின்னச் சின்ன மணிகள் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் விடுவாள். கால்சியம் இருக்கிறவரை அது மணிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கூட வந்த அழுக்கையெல்லாம் கழுவிவிட்டு, கால்சியத்தைப் பறிக்கிற ஒரு கரைசலை ஊற்றினால் பிடியை விட்டுவிட்டு இறங்கி வரும். அந்தக் கரைசலுக்கு அவர்களுக்குள் 'பிடுங்கி' என்று பெயர். பிறகு புரதத்தை மெல்லிய பையில் கட்டி, ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, நாலு முறை தண்ணீர் மாற்றினால் பிடுங்கியும் போய்விடும். மிஞ்சுவது கையில் கால்சியம் இல்லாத, வெறுங்கையோடு நிற்கிற புரதம். அதைப் பஞ்சுபோல உலர்த்திக் குழாய்களில் அடைத்து அனுப்புவார்கள். கால்சியம் இல்லாதது என்று குழாயில் ஒட்டுகிற சீட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

போன வருடம் அவள் பேருந்துப் படியில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பில் வலுவே இல்லை என்று டாக்டர் காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், வருடக்கணக்காகக் கால்சியத்தைப் பிடுங்கிப் பிடுங்கிக் கழுவினாயே, இப்போது அது உன்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது என்றான். அந்த மாத்திரையைக் கடித்தால் சாக்பீஸைக் கடித்தது போலிருக்கும். வேலைக்குத் திரும்பியதும் பதினோரு மணி மாத்திரையைத் தாழ்வாரத்தில் நின்று மென்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, புதுக் கையுறை மாட்டி உள்ளே போவாள்.

திரும்பி வந்த முதல் வாரத்திலேயே நான்காம் நம்பரும் ஏழாம் நம்பரும் சேர்ந்தே அவள் மேஜைக்கு வந்தன. இரண்டையும் முடித்தாள். நான்காம் நம்பரில் முப்பது குழாய். பதினெட்டைத் தூரதேசத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஒன்றை இவர்கள் சோதனைக்கு எடுத்தார்கள். மீதி பதினொன்று உறைபெட்டியில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்த ஆராய்ச்சியாளரிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் புரதம் அசையவே மாட்டேன் என்கிறது, கால்சியத்தைப் போட்டாலும் அப்படியே இருக்கிறது, போடாவிட்டாலும் அப்படியே இருக்கிறது, இரண்டு மாதம் வீணாகிவிட்டது என்று எழுதியிருந்தார். கோபமாக எழுதவில்லை. அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

தரக்கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொண்டவருக்குத் தரம் சார் என்று பெயர். சட்டைப்பையில் மூன்று நிறப் பேனா இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஏழாம் நம்பர், நான்காம் நம்பருக்குக் கூடப்பிறந்தது மாதிரி. ஆனால் கால்சியம் வந்தாலும் கண்டுகொள்ளாது. சீட்டு மாறிப் போயிருக்க வேண்டும். அவர் சந்தேகத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"சீட்டு ஒட்டினது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"ஒட்டினப்புறம் சரிபார்த்தீங்களா?"

ரெண்டு தரம் பார்த்தேன் என்பது அவள் நாக்கு நுனியில் இருந்தது. வாழ்நாள் முழுக்க அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் சீட்டு ஒட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தால் மணிக்கட்டு வலி ஞாபகம் வந்தது, சீட்டுச் சுருளின் பசை வாடை ஞாபகம் வந்தது, சரிபார்த்தது மட்டும் வரவில்லை. பார்த்திருப்பேன் சார் என்றாள். தரம் சார் சிவப்புப் பேனாவால் எதையோ குறித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போனவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றாள். பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் வந்து பற்றவைத்துவிட்டுப் போனாள். கணவன் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இத்தனை வருஷமா ரெண்டு ரெண்டு தரம் பார்த்தேங்க. பார்க்க வேண்டிய அன்னிக்குப் பார்த்தேனான்னு தெரியல."

"ஞாபகம் இல்லேங்கிறதால பார்க்கலேன்னு ஆயிடுமா? காலையில பல்லு விளக்கினது எனக்கு ஞாபகம் இல்ல. விளக்காமலா போனேன்?"

"விளக்கினீங்களா?"

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு, உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

மறுநாள் உறைபெட்டியிலிருந்த பதினொன்றில் ஒன்றை எடுத்து, உள்ளே இருப்பது நான்கா ஏழா என்று பார்த்தார்கள். அதைப் பார்ப்பது எளிது. வழவழப்பான ஒரு பாளத்தில் புரதத்தை விட்டு மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது மேலிருந்து கீழே ஓடும். நிறமேற்றினால் நீலக்கோடாகத் தெரியும். முதல் வரிசையில் கால்சியம் சேர்ப்பார்கள், இரண்டாவதில் பிடுங்கி சேர்ப்பார்கள். நான்காம் நம்பர் கால்சியத்தைப் பிடித்திருந்தால் வேகமாக ஓடிக் கீழே நிற்கும், இல்லாவிட்டால் மேலேயே தங்கிவிடும். ஏழாம் நம்பருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு கோடு கீழே நின்றது, ஒரு கோடு மேலே நின்றது. சந்தேகமே இல்லை, நான்காம் நம்பர்தான்.

அவளுக்கு உயிர் வந்தது, ஆனால் தலை சுற்றலும் கூடவே வந்தது. சீட்டும் சரி, புரதமும் சரி என்றால் அங்கே ஏன் அசையவில்லை? இங்கே வேலை செய்வது கடல் தாண்டினால் செய்யாதா? தரம் சாருக்கு இந்த மாதிரிக் குழப்பமெல்லாம் இல்லை. அவர் உடனே கட்சி மாறி, தப்பு வாங்கினவருடையது என்றார். உங்கள் செய்முறையைச் சரிபார்க்கவும் என்று ஒரு பதிலும் போனது. நாலு நாளில் அந்த ஆராய்ச்சியாளரிடமிருந்து ஒரு படம் வந்தது. எட்டு வரிசை, எட்டு நீலக்கோடு, எல்லாம் ஒரே மட்டத்தில். அடியில் ஒரு வரி: ஒருவேளை நீங்கள் சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரியோ என்னவோ.

அந்தப் படத்தை அச்செடுத்துத் தன் மேஜைக்கு எதிரே ஒட்டிக்கொண்டாள். வேலைக்கு நடுவே நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. மூன்றாம் நாள், எல்லாக் கோடும் ஒரே மட்டம் என்றால் அது எந்த மட்டம் என்று அளவுகோலை வைத்துப் பார்த்தாள். மேல்மட்டம் இல்லை, கீழ்மட்டம். கால்சியம் போடாத வரிசையிலும் அது கால்சியத்தைப் பிடித்ததுபோலக் கீழே போய் நிற்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்பதற்கு மட்டும் அவள் வெட்கப்பட்டதே இல்லை. நேரே தலைமை விஞ்ஞானியின் அறைக்குப் போனாள். அந்த அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். பேச்சு குறைவு, காது கூர்மை.

"மேடம், நாம ஒரு வரிசையில கால்சியம் போடறோம், ஒரு வரிசையில பிடுங்கி போடறோம். ரெண்டுமே போடாம ஒரு வரிசை ஓட்டினதே இல்லையே, ஏன்?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அது பிடுங்கி போட்ட மாதிரியேதான் வரும். அதுலதான் கால்சியமே இல்லையே."

"இல்லேன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

மேடம் எழுந்து அவளோடு நடந்தார்.

அன்று மூன்று வரிசை ஓட்டினார்கள். முதலாவது கீழே. இரண்டாவது மேலே. எதுவும் சேர்க்காத மூன்றாவது, முதலாவதை ஒட்டிக்கொண்டு கீழே நின்றது. மேடம் பாளத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். புரதம் வெறுங்கையோடு இல்லை. குழாயில் அடைக்கும்போதே கால்சியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவர்கள் சோதனையில் பிடுங்கியைப் போட்டதால் அது கையை விட்டது, இவர்களும் நிம்மதியாகச் சீட்டு ஒட்டினார்கள். வாங்கினவரோ சீட்டை நம்பிப் பிடுங்கி போடவில்லை. ஏற்கெனவே கை நிறைய வைத்திருக்கிறதற்கு மேலும் கொடுத்தால் அது ஏன் அசையும்?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். புரதம் ஏன் அசையவில்லை என்ற கேள்வி போய், கால்சியம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் என்றார் தரம் சார். சுத்திகரிப்பு இயந்திரத்தின் வடிகட்டியை அந்தப் புரதம் செய்து முடித்த மறுவாரம்தான் மாற்றியிருந்தார்கள். பழைய வடிகட்டியைத் தூக்கி எறிந்தாகிவிட்டது. தொட்டி என்றார் மேடம். அதன் அடியில் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. பை புதுக் கம்பெனியிலிருந்து வந்தது என்று கிடங்குக்காரர் ஞாபகப்படுத்தினார். சந்தேகம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காவதாக ஒரு வழி இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பகலும் ஓர் இரவும் அதை மென்று விழுங்கினாள். மறுநாள் காலை மாத்திரை டப்பாவோடு மேடத்தின் அறைக்குப் போய் அதை மேஜைமேல் வைத்தாள்.

"தினமும் பதினோரு மணிக்கு இதைத் தின்னுட்டுத்தான் உள்ள வருவேன் மேடம். கை கழுவிட்டுத்தான் வருவேன். ஆனா சட்டையில பொடி ஒட்டியிருந்ததான்னு பார்த்ததில்ல."

மேடம் டப்பாவைத் திருப்பி எத்தனை மில்லிகிராம் என்று படித்தார். காகிதத்தில் கணக்குப் போட்டார். கண்ணுக்குத் தெரியாத துளி விழுந்திருந்தாலே போதும் என்றார். பிறகு, ஆனால் விழுந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டும் இல்லாமல் மன்னிப்பும் இல்லாமல் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளே மேடத்திடம் ஒரு வழி சொன்னாள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். முதலில் தண்ணீர், அப்புறம் தொட்டி, அப்புறம் பை, கடைசியில் மாத்திரை. எது மாறினதும் மூன்றாவது கோடு மேலே ஏறுகிறதோ அதுதான் காரணம். ஒரு முறை செய்து முடிக்க ஒன்பது நாள், நாலுக்கும் முப்பத்தாறு நாள். வாங்கினவரோ தன் செடிகள் இன்னும் மூன்று வாரத்தில் பூத்துவிடும், அதற்குப் பிறகு அவை ஆராய்ச்சிக்கு ஆகாது என்று எழுதியிருந்தார். மேடம் யோசித்துவிட்டு, நாலையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றார்.

"அப்புறம் எதனாலன்னு எப்படி மேடம் தெரியும்?"

"தெரியாது," என்றார் மேடம். "ஆனா அவருக்குப் புரதம் போய்ச் சேரும்."

அப்படியே செய்தார்கள். புது வடிகட்டித் தண்ணீர், கண்ணாடித் தொட்டி, பழைய கம்பெனிப் பை. அவள் ஒன்பது நாளும் மாத்திரையைத் தொடவில்லை. டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்தினாள் என்றாலும் ஐந்தாம் நாளே மணிக்கட்டு குடைய ஆரம்பித்தது. அது மாத்திரையை நிறுத்தியதால் வந்த குடைச்சலா, நிறுத்திவிட்டோமே என்ற நினைப்பால் வந்த குடைச்சலா என்பதையும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்பதாம் நாள் மூன்றாவது கோடு இரண்டாவதோடு சேர்ந்து மேலேயே நின்றது. கிடங்குக்காரர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள். தொலைத்த சாமானைத் தேடாமலே புதுசு வாங்கிக் கொடுத்தது போல அவள் மட்டும் நின்றாள்.

புதுக் குழாய்களை அனுப்பிய பிறகு தரம் சார் அறிக்கையோடு வந்தார். காரணம் என்ற கட்டத்தில் தண்ணீரின் தரக்குறைவு என்று பச்சை மையில் எழுதியிருந்தார். கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம்.

"தண்ணிதான்னு நமக்குத் தெரியாதே சார்."

"தெரியாதுதான். ஆனா கட்டத்தைக் காலியா விட முடியாது. உங்களுக்கும் இது நல்லதுதானே? மாத்திரைன்னு எழுதினா நல்லாயிருக்குமா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், விஷயத்தைக் கைகழுவிவிடலாம். பேனாவை வாங்கினாள். அவர் எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்து இடத்தில் நிதானமாக எழுதினாள்: தண்ணீர், தொட்டி, பை, என் மாத்திரை ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். எதனால் என்று தெரியவில்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

தரம் சார் அதை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனார். மேடம் இரண்டு முறை படித்துவிட்டுத் தானும் கையெழுத்துப் போட்டார். கூடவே, இனி எந்தப் புரதமானாலும் மூன்றாவது வரிசை ஓட்டாமல் சீட்டு ஒட்டக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். தரம் சார் நாலைந்து நாள் சந்தேகத்தோடு பேசவில்லை. பிறகு ஏதோ ஒரு சாவியைக் காணோம் என்று அவளிடம்தான் கேட்க வேண்டி வந்தது, பேச்சு தானாகத் தொடங்கிவிட்டது.

அவளுக்கு மனம் தெளிந்ததா என்றால் இல்லை. தன்னால்தானோ என்ற எண்ணம் திடீர் திடீரென்று வரும். தன்னால் இருக்காது என்பதும் அதே வேகத்தில் வரும். மாத்திரையை மறுபடி தொடங்கினாள், பதினோரு மணி மாத்திரையை டாக்டரிடம் சொல்லி மாலைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அந்த ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். புதுக் குழாய்கள் சொன்னபடி வேலை செய்கின்றன, நன்றி. கடிதம் அதோடு முடியவில்லை. அந்தப் பழைய குழாய்களில் ஏதாவது மீதி இருக்கிறதா, இருந்தால் தயவுசெய்து எறிந்துவிட வேண்டாம், எல்லாவற்றையும் அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். கால்சியத்தைப் பிடித்தபடியே வந்த அந்தப் புரதம் அவருடைய செடிச்சாற்றில் யாரும் எதிர்பார்க்காத வேறொரு புரதத்தோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாளும் அதைத் தன் தப்பு என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தாராம். புதுக் குழாயில் அது ஒட்டவில்லை. புதியதில் கால்சியம் சேர்த்துப் பார்த்தால் ஒட்டுகிறது, ஆனால் பழையதைப் போல அவ்வளவு கெட்டியாக இல்லை. ஏன் என்று எங்களுக்கே இன்னும் புரியவில்லை என்று எழுதியிருந்தார்.

கடைசி வரியை இன்னொரு தரம் படித்துச் சொல்லச் சொன்னாள். மேடம் படித்தார்.

உறைபெட்டியில் மிச்சம் பத்து குழாய் இருந்தது. தரம் சார் எப்போதோ எறியச் சொன்னவை. எறியலாமா என்று மறுபடி கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் இருந்த பழைய சீட்டை உரித்தாள். என்ன எழுதி ஒட்டுவது என்று மேடத்திடம் கேட்டாள். நல்லது என்று எழுதுவதா, கெட்டது என்று எழுதுவதா? உள்ளே என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள் என்றார் மேடம். நான்காம் நம்பர், கால்சியத்தோடு என்று பத்து சீட்டு எழுதினாள். பெட்டியில் ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே அடுக்கிக் கூரியர்காரரிடம் கொடுத்தாள்.

வீட்டில் கணவனிடம் இதைச் சொன்னபோது அவன் லிஃப்ட் கிரீஸ் படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டான்.

"அப்ப நீ பண்ணது தப்பா, சரியா?"

"அவங்களுக்கே தெரியலயாம்," என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் பல மாதங்களாக இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எது எதோடு ஒட்டிக்கொண்டதாம் என்று தனக்குப் புரிந்த மட்டும் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, இது சரியாகத்தான் சொல்கிறேனா தெரியவில்லை என்றாள். பரவாயில்லை, சொல்லு என்றான் அவன்.